முப்பது கும்பிட்ட டிவிடி

ஈப்போவில் என் கடைக்கு வருகிறவர்களை நான் முதலில் நம்புவதில்லை. தெரிந்துகொண்ட பிறகும் அவ்வளவாக நம்புவதில்லை. இது பிறவிக் குணம் இல்லை, பட்டு வந்தது. டிவிடி ஓடிய காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் படத் தட்டு விற்றோம். எல்லாம் நகல்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் காய்கறிப் பை. புதுப் படம் இருக்கிறதா, இல்லையென்றால் ஒன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று சொல்லி அவள் கண் முன்னாலேயே அடித்தேன். சூடு ஆறாத தட்டை நீட்டியபோது, அவள் கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அமலாக்க அதிகாரி. அரை மணி நேரத்தில் என் கணினிகள் நான்கும் வேனில் ஏறிவிட்டன. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை, லோரி ஓட்டப் போய்விட்டார். இன்றைக்கும் யாராவது காய்கறிப் பையோடு உள்ளே வந்தால் என் கண் முதலில் அந்தப் பைக்குத்தான் போகும்.

இப்போது அதே கடையில் பாஸ்போர்ட் படம், ஃபோட்டோகாப்பி, லேமினேட். கூடவே பழைய டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். வீடுகளில் ப்ளேயர் செத்துப்போய்விட்டது, புது லேப்டாப்பில் தட்டுப் போட வாயே இல்லை. ஜனங்கள் கல்யாணத் தட்டையும் காதுகுத்துத் தட்டையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சினிமாத் தட்டைக் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். 'காசு குடுத்து வாங்கின ஒரிஜினல்தான அக்கா' என்பார்கள். இருக்கட்டும். அதில் ஒரு பூட்டு இருக்கிறது. தட்டு உன்னுடையதாக இருந்தாலும் அந்தப் பூட்டை மென்பொருள் வைத்து உடைப்பது குற்றம் என்று என் வழக்கைப் பார்த்த லோயர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டு விசேஷத் தட்டு வேறு விஷயம். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் அந்தப் படம் சொந்தம், கேமராக்காரருக்கு இல்லை என்றும் அவரே சொன்னார். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துக் கேமராக்காரர்களும் தங்கள் தட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த நகலுக்கு ஜனம் அவர்களிடமே திரும்பி வர வேண்டுமாம். பூட்டுப் போட்ட மென்பொருளே திருட்டு நகல் என்பது தனிக் கூத்து. இன்று கேமராக்காரர் இல்லை, கடை இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. என் கணினி அதை இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும். உரிமைக்காரர் சொன்னால் திற, ஆனால் உரிமைக்காரர் யாரென்று நிச்சயப்படுத்திக்கொள் என்றார் லோயர். அதற்கு நானாக ஒரு வழி வைத்துக்கொண்டேன். படத்தில் உன் முகம் இருக்க வேண்டும். நான் போட்டுப் பார்ப்பேன், நீ விரலை வைத்துக் காட்ட வேண்டும். முகம் இல்லையென்றால் நகல் இல்லை.

நான் சொல்ல வந்த பெண் முதல் தடவை தனியாக வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்து காஜா ஊரில் துப்புரவு வேலை என்றாள். வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தாள். கவர் இல்லாத ஒரு தட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். கவர் எங்கே என்றேன். தொலைந்துபோய்விட்டதாம். இந்த வகைத் தட்டுகளின் கவரில்தான் பிள்ளை பெயர், அப்பா அம்மா பெயர் எல்லாம் பூப்போட்டு அச்சடித்திருப்பார்கள். தட்டைப் பத்திரமாக வைத்தவள் கவரை மட்டும் எப்படித் தொலைத்தாள் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனாலும் ரசீதுப் புத்தகத்தில் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, விஷயம் என்ன என்று கேட்டேன்.

அவள் வளர்க்கும் பெண்ணுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. பெண் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவள், பிறப்பைப் பதியவில்லை. பெற்றவள் பக்கத்து வீட்டுக்காரி, நீல ஐசி உள்ளவள், மலேசியக் குடிமகள். பிள்ளையை இவளுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்கு நினைவு தெரிவதற்கு முன்பே கிட்னி போய்ச் செத்தும்விட்டாள். இப்போது பெண் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறாள். இருபத்தோரு வயதுக்குள் நடக்க வேண்டிய காரியம், இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. பெற்றவள் குடிமகள் என்று காட்ட அவளுடைய மூத்த மகன் ஜொகூரிலிருந்து கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறான். அதோடு இந்தப் படமும் இருந்தால் பலம் என்று அவர்களுடைய லோயர் சொல்லியிருக்கிறார். குழந்தை பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்ட அன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எடுத்த படம். பெற்றவள் கையிலிருந்து குழந்தை இவள் கைக்கு வருவது அதில் இருக்கிறதாம்.

'மொதப் பக்கம் பூரா கோடு விழுந்து போச்சுக்கா, அது ஓடாது. பின்னால உள்ளதை மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும்லா' என்றாள்.

கூடவே லோயர் அனுப்பிய ஒரு தாளையும் நீட்டினாள். நகல் எடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்தத் தட்டு முழுவதும் நான்தான் நகல் எடுத்தேன், என் கணினி ஒழுங்காக வேலை செய்தது, எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்று என் ஐசி எண்ணோடு. கோர்ட்டுக்குப் போகும் தாள் என்றதும் என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. முதலில் படம் வரட்டும், கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன்.

தட்டைப் போட்டேன். முன்பாதி ஓடவில்லை. பின்பாதி வந்தது. கோயில் முன்னால் கூட்டம், உறுமி மேளம், ரப்பர் மரங்கள். பட்டுச் சேலை கட்டிய உயரமான ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறாள். சன்னிதிக்கு எதிரே நிற்கும் சின்னப் பெண்ணிடம் குழந்தையை நீட்டி, 'இது எம்புள்ள. நீ வளத்துக் குடு' என்கிறாள். சின்னப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். பத்து காஜாக்காரி விரலை வைத்து, 'இதான் நானு' என்றாள். உயரக்காரியைக் காட்டி, 'இவதான் பெத்தவ' என்றாள். முகம் சரியாக இருந்தது. பேச்சும் காதில் தெளிவாக விழுந்தது. தேவையில்லாமல் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தடவை, வளர்க்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் காம்பாரில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சாப்பிடும் கடையில் காய் நறுக்குகிறாள். அவளுக்கு வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, அதனால் தினக்கூலி. லைசென்ஸ் எடுக்க முடியாது. ஐந்தாம் படிவப் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல தேர்ச்சி. அவள் மாணவியாகப் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கேரட் நறுக்கிப் போடுகிறாள். இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை 'பெரியம்மா, பெரியம்மா' என்று இவளைக் கூப்பிட்டாள். மனு நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். 'தெரியல ஆன்ட்டி. கல்யாணம்கூடப் பதிய முடியாதாம்' என்றாள். பின்பாதியை மட்டும் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி இருவரையும் அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அங்கேதான் என் புத்தி விழித்துக்கொண்டது. டிவிடியில் படம் நடு ஓட்டையிலிருந்து ஆரம்பித்து வெளி விளிம்பை நோக்கிப் போகும். நாம் கையாளும்போது விளிம்புதான் முதலில் கெடும், விரல் படுவதும் மேசையில் தேய்வதும் அங்கேதான். இந்தத் தட்டில் விளிம்பு கண்ணாடியாக இருந்தது. நடுவைச் சுற்றி மட்டும் வட்ட வட்டமாக, நிதானமாக, ஒரே அழுத்தத்தில் போட்ட கீறல்கள். இது தானாக விழுந்த கோடு இல்லை. யாரோ உட்கார்ந்து செய்த வேலை.

பின்பாதியை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் கூட்டவில்லை குறைக்கவில்லை என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களே. குறைத்தது யார் என்று தெரியாமல் நான் எப்படிப் போடுவேன்? பற்பசையை எடுத்தேன். மெல்லிய துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே பார்த்து நேர்கோட்டில் தேய்த்துக் கழுவ வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் தட்டு போச்சு. மூன்று தடவை தேய்த்தேன். பிறகு பிடிவாதக்கார மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் போட்டேன். ஓடாத இடத்தைத் தாண்டிப் போகாமல் திரும்பத் திரும்பப் படிக்கும். மத்தியானம் போட்டது ராத்திரி வரை முனகிக்கொண்டே இருந்தது. நடு நடுவே படம் கட்டம் கட்டமாக உடைந்தாலும் முன்பாதி வந்துவிட்டது.

முதலில் பெயர்ப் பலகை. ரோஜாப் பூ இரண்டு பக்கமும் விரிய, 'எங்கள் செல்வப் புதல்வி' என்று ஓர் எழுத்து ஓட்டம். கீழே தகப்பன் பெயர், தாய் பெயர். தாய் பெயர் என் ரசீதுப் புத்தகத்தில் இருந்த அதே பெயர்.

அடுத்த காட்சியில் பத்து காஜாக்காரி, அப்போது சின்னப் பெண், குழந்தையோடு வருகிறாள். தரையில் ஒரு முறம். குழந்தையை அதில் கிடத்துகிறாள். கிடத்திய பிறகும் கையை எடுக்கவில்லை, ஒரு கிழவர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. உயரக்காரி ஒரு கொட்டாங்கச்சித் தவிட்டை இவள் முந்தானையில் கொட்டிவிட்டு, முறத்திலிருந்து குழந்தையை எடுத்துக்கொள்கிறாள். கூட்டம் குலவை போடுகிறது.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்கள். வதவதவென்று பிள்ளை பெற்ற ஒருத்தி வாங்குவாள். வாங்கியவள் கோயிலைச் சுற்றி வந்து, இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே திருப்பித் தருவாள். கேவலம் தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன் சீண்ட மாட்டான் என்று ஒரு கணக்கு. நான் வளர்ந்த தெம்மோ தோட்டத்து லயத்தில்கூடத் தவிட்டுக்குப் போன இரண்டு பேர் இருந்தார்கள். முழுப் படத்தைப் பார்க்கிற எந்தத் தோட்டத்துத் தமிழருக்கும் பெற்றவள் யார் என்று தெரியும். பின்பாதியை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு, நீல ஐசிக்காரி தன் பிள்ளையை இன்னொருத்திக்குக் கொடுப்பதுதான் தெரியும். வாயாலேயே சொல்கிறாளே, இது என் பிள்ளை என்று.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். காய்கறிப் பைக்காரி என்னை ஏமாற்றினாள், சரி, அது அவள் உத்தியோகம். இவள் என் மனசை இளக வைத்து ஏமாற்றியிருக்கிறாள்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். பெண்ணிடம் குடிக்க மூன்று கோப்பி பையில் கட்டி வாங்கி வரச் சொல்லி மூலைக் கடைக்கு அனுப்பினேன். அவள் தலை மறைந்ததும் கணினியை இவள் பக்கம் திருப்பி, பெயர்ப் பலகையில் நிறுத்தினேன்.

'பெத்தவ நீதான்' என்றேன்.

அவள் மறுக்கவில்லை. 'அது ஓடாதுன்னு சொன்னேன்ல. ஏன்க்கா தொடச்சீங்க?' என்றாள். சாக்குத் தைக்கும் ஊசியால் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கீறினாளாம். கவரை அடுப்பில் போட்டாளாம்.

அதன் பிறகு அவள் சொன்னது இது. அவளிடம் இருப்பது பச்சை ஐசி, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற தற்காலிக அட்டை. அவளும் அதே லயத்தில் பிறந்தவள்தான், ஆனால் அவளுடைய பிறப்பையும் யாரும் பதியவில்லை. புருஷன் நீல ஐசிக்காரர். கோயிலில் தாலி கட்டினார்கள், ஆனால் கல்யாணத்தைப் பதியவில்லை. ஊரைக் கூட்டித் தாலி கட்டியாகிவிட்டது, அதற்கு மேல் அரசாங்கத் தாள் எதற்கு என்று அவர் சொன்னாராம். எங்கள் ஜனத்தில் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பதிந்திருந்தால் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வந்திருக்கும். பதியாததால் பிள்ளை அம்மா பக்கம், அம்மா பக்கத்தில் ஒன்றும் இல்லை. பதியலாம் என்று நினைப்பதற்குள் சிலிம் ரிவர் பக்கம் மோட்டார் சைக்கிளில் போன புருஷன் லோரியில் அடிபட்டுப் போய்விட்டார். குழந்தைக்கு அப்போது பத்து மாதம்.

இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய் மூன்றாவதாகப் பிறந்தவள் இவள். தவிட்டுக்குப் போன பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிட்டால் பலிக்காது என்று சொன்னார்கள், அதனால் பெரியம்மா என்றே பழக்கிவிட்டாள். லயத்தில் எல்லோருக்கும் உள்ளது தெரியும், சிரித்துக்கொள்வார்கள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு ஜனம் சிதறிவிட்டது, சிரிக்க யாரும் இல்லை. பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் ஐசி எடுக்கப் போனபோது இந்தப் பெண் அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கு இவள் ஒரு முடிவு எடுத்தாள். உன்னைப் பெற்றவள் நான் இல்லை, செத்துப்போன பக்கத்து வீட்டு அம்மாதான், அவளுக்கு நீல ஐசி, உனக்கும் ஒரு நாள் கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். பெண் இன்று வரை அதை நம்புகிறாள்.

இரத்தச் சோதனை கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இது பெரிய குற்றம், நீயும் மாட்டுவாய், நானும் மாட்டுவேன், உண்மையையே சொல்லி மனுப் போடலாமே என்றேன். அப்படி மனுப் போட்டு நிராகரிக்கப்பட்டவர்களைப் பத்து காஜாவில் தனக்குத் தெரியும் என்றாள்.

'எனக்கு மகளா இருந்தா அவ காய்தான் நறுக்கணும். வேற யாருக்காச்சும் மகளா இருந்துட்டுப் போறா, விடுங்கக்கா.'

என் கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பயம் மட்டும் இருந்தது. லோயரின் தாளை எடுத்தேன். 'முழுவதும்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். கூட்டவில்லை குறைக்கவில்லை என்ற வரியையும் அடித்தேன். அதற்கு மேலே, தட்டில் வாடிக்கையாளர் கேட்ட பகுதியை மட்டும் நகல் எடுத்தேன், அந்தப் பகுதிக்குள் எதையும் மாற்றவில்லை என்று என் கையால் எழுதினேன். வரி வரியாகப் படித்தால் பொய் இல்லை. மொத்தமாகப் படித்தால் பொய்தான், அது எனக்குத் தெரியும். லோயர் வேண்டாம் என்று கிழித்துப் போட்டால் போடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். கையெழுத்துப் போட்டு ஐசி எண்ணையும் எழுதினேன்.

முன்பாதியை என் கணினியிலிருந்து அழித்துவிடச் சொன்னாள். தட்டை அவளே நடுவில் ஆழமாகக் கீறிக்கொள்வாளாம், இந்தத் தடவை எந்தப் பற்பசைக்கும் மசியாதபடி. சரி என்று சுட்டியைக் கையில் எடுத்தேன்.

'ஒரு தடவ பாத்துக்கறேங்க்கா' என்றாள்.

போட்டேன். முறம் வந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய அவள் குனிந்து குழந்தையைக் கிடத்தினாள், கையை எடுக்காமல் இருந்தாள், எழுப்பினார்கள், முந்தானையில் தவிடு விழுந்தது. இவள் திரைக்கு வெகு கிட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உயரக்காரி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. பெண் மூன்று கோப்பிப் பொட்டலங்களை விரலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் நிறுத்துவதற்குள் பார்த்துவிட்டாள்.

'இவுங்கதான் எங்கம்மாவா, பெரியம்மா?' என்று உயரக்காரியைக் காட்டிக் கேட்டாள். அதுவரை அவள் அந்த முகத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லையாம்.

'ஆமா. நல்லாப் பாத்துக்க. அங்க கேட்டாத் தடுமாறாமச் சொல்லணும்' என்றாள் பத்து காஜாக்காரி.

பெண் கோப்பியை மேசையில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி என்னைக் கேட்டாள். நான் உயரக்காரி வருகிற இடத்திலிருந்து திரும்பப் போட்டேன். பெண்ணுக்குத் திரை மறைக்காமல் இருக்க, அவள் அம்மா ஒதுங்கி நின்றுகொண்டாள்.